குன்றிமணி நஞ்சும் பால் எர்லிக்கும்

உசிலம்பட்டியைச் சூழ்ந்த புன்செய்க் காடுகளில் வேலியோரமாகப் படர்ந்து கிடக்கும் குன்றிக்கொடியை அறியாதார் இலர். செந்நிற மேனியும் கருநிற மூக்கும் வாய்ந்த அதன் மணியைப் பொற்கொல்லர் பொன் நிறுக்கும் எடையாகக் கொண்டனர். சிறுமியர் பல்லாங்குழிக்கென்று பொறுக்கி வைப்பர். வரப்பிலே வளரும் ஆமணக்கோ விளக்கெண்ணெய் தருவது. குழந்தைக்குப் பேதியாகவும் தலைக்குக் குளிர்ச்சியாகவும் பாட்டிமார் கையில் நின்று உதவுவது. இவ்விரு வித்துக்களினுள்ளும் கொடிய நஞ்சு உறைகின்றது. எண்ணெயில் அந்நஞ்சு இறங்குவதில்லையாதலின் நாம் பிழைத்தோம். குன்றிமணியை முழுதாக விழுங்கின், ஓடு கடினமாதலால் பெரும்பாலும் தீங்கின்றிக் கழிந்துவிடும். அதனையே அரைத்து ஊசிபோலத் திரட்டி உலர்த்தி மாட்டின் தோலிற் குத்தினால், மாடு மாளும். தோல் விற்கும் பேராசையால் வட இந்தியாவிற் சிலர் இக்கொடுமையைச் செய்து வந்தனர். 1884-ம் ஆண்டிற் கல்கத்தாவில் வார்டன், வாடெல் என்னும் இருவர் அந்நஞ்சை ஆராய்ந்து, அது கிருமியால் விளைவதன்று, வித்திலேயே உள்ள ஒரு பொருளால் விளைவது என்று நிறுவினர்.

ஏழாண்டுகள் கழிந்தபின், ஜெர்மனி தேசத்து மருத்துவர் ஒருவர் இவ்விரு நஞ்சுகளையும் தம் சுண்டெலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பார்த்தார். நம் உடம்பு தன் பகையை எங்ஙனம் அடையாளம் காண்கின்றது, எப்பொழுது போருக்கெழுகின்றது, எப்பொழுது அடங்கியிருக்கின்றது என்னும் வினாக்களுக்கு இக்காலத்து அறிஞர் கூறும் விடைகளின் வேரைத் தேடிச் சென்றால், அச்சுண்டெலிக் கூண்டுகளின் முன்னேதான் போய் நிற்போம். அம்மருத்துவர் பெயர் பால் எர்லிக்.

இவர் 1854-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ம் நாள், பிரஷ்ய இராச்சியத்துச் சைலீசியா மாகாணத்தில் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் இஸ்மார் எர்லிக், விடுதியும் மதுவடிசாலையும் நடத்தியவர். தாயார் ரோசா அம்மையாரின் வழியில் கார்ல் வைகெர்ட் என்றோர் உறவினர் இருந்தார். கண்ணுக்குத் தோன்றாத நோய்க்கிருமிகளுக்குச் சாயமேற்றிக் காணலாம் என்று முதலிற் காட்டியவர்களுள் அவர் ஒருவர். பால் எர்லிக்குச் சாயப்பித்து ஏறியது அவரால்தான்.

பள்ளிக்கூடத்தில் இவர் பெயர் எடுத்தவரல்லர். லத்தீனும் கணிதமும் நன்கு வந்தன. பரீட்சை என்றால் வெறுப்பு. வாழ்க்கை ஒரு கனவு என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையச் சொன்ன ஆசிரியரிடம், வாழ்க்கை என்பது பிராணவாயுவோடு பொருள்கள் கூடும் இரசாயனச் செயலே என்றும், கனவு மூளையின் ஒருவகை ஒளிர்வு என்றும் எழுதிக் கொடுத்து மதிப்பெண்ணை இழந்தார் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். பிரெஸ்லவ், ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லைப்ஸிக் என்று நான்கு சர்வகலாசாலைகளில் மருத்துவம் பயின்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் மற்ற மாணவர் உறுப்புகளை அறுத்துப் பெயர் மனனம் செய்துகொண்டிருக்க, இவர் மேசை மட்டும் செம்மையும் நீலமும் ஊதாவுமாகக் கறைபட்டிருக்கும். 1878-ம் ஆண்டில் லைப்ஸிக்கிற் பட்டம் பெறுதற்கு இவர் எடுத்துக்கொண்ட பொருளும் சாயங்களைப் பற்றியதே.

அக்காலத்தில் நிலக்கரித் தாரிலிருந்து புதிய புதிய அனிலீன் சாயங்கள் ஜெர்மானியத் தொழிற்சாலைகளிற் பிறந்துகொண்டிருந்தன. நம் மதுரைச் சுங்குடிக்காரர் ஒரே தொட்டியில் துணியை முக்கினாலும், முடிந்த இடம் வெள்ளையாக நிற்கும். அதற்குக் காரணம் கயிற்றுக் கட்டு. எர்லிக் உயிரணுக்களை ஒரே சாயத்தில் முக்கினார். ஒன்று பற்றியது, ஒன்று பற்றவில்லை. இங்கே கட்டியவர் யார்? இவ்வொரு வினா அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. உயிரணுவின் ஒரு பகுதிக்கும் ஒரு சாயத்திற்கும் இடையே இரசாயன உறவொன்று இருத்தல் வேண்டும். அவ்வுறவு உள்ள இடத்தில் அது பற்றும், இல்லாத இடத்தில் வழுவும் என்று அவர் கொண்டார். பின்னர் அவர் நஞ்சைப்பற்றிக் கூறியதும் மருந்தைப்பற்றிக் கூறியதும் இதன் கிளைகளே.

பெர்லின் நகரத்துச் சாரிட்டே மருத்துவமனையில் பிரெரிக்ஸ் என்னும் பேராசிரியரிடம் உதவி மருத்துவராக அமர்ந்தார். அப்பேராசிரியர் இவர் போக்கில் விட்டுவிட்டது உலகத்தின் நற்பேறு. இரத்தத் துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து உலர்த்திச் சாயமேற்றி, வெண்ணிற அணுக்கள் ஒருவகையின அல்ல, பல வகையின என்று பிரித்துக் காட்டினார். இன்று மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வெள்ளணுக்களின் வகையும் விழுக்காடும் எழுதித் தருகின்றார்களே, அவ்வழக்கத்திற்கு வித்திட்டவர் இவர். லிம்போசைட் எனப்படும் நிணவணுவும் அவர் பகுத்த வகைகளுள் ஒன்று. ஆயினும் அது உடம்பில் என்ன தொழில் செய்கின்றது என்பது அவருக்கும் தெரியாது. அவருக்குப் பின் நெடுங்காலம் வரையில் எவருக்கும் தெரியாது. தாம் தேடிய பொருளைத் தாங்கிய அணு தம் கண்ணாடித் துண்டிலேயே கிடக்க, அஃது அதுவென்று அறியாமலே அவர் வாழ்ந்து மறைந்தார்.

1882-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ம் நாள் மாலையில் இராபர்ட் கோக் க்ஷயரோகக் கிருமியைக் கண்டதாகப் பெர்லினில் அறிவித்தார். அவ்வவையில் எர்லிக்கும் இருந்தார். இரவே வேலை தொடங்கி, கோக் கையாண்டதினும் எளிதான சாயமுறை ஒன்றை ஆக்கினார். சாயமேற்றிய கண்ணாடிகளை உலர்வதற்காக அணைந்த கணப்பின்மேல் வைத்துச் செல்ல, மறுநாட் காலையில் அதை அறியாத பணிப்பெண் கணப்பை மூட்டிவிட்டாள் என்றும், அச்சூடே கிருமியிற் சாயத்தை உறுதியாகப் பற்றச் செய்தது என்றும் சொல்வர். மறுவருடம் ஹெட்விக் பிங்கஸ் என்னும் மாதரசியை மணந்தார். புதல்வியர் இருவர் பிறந்தனர்.

அக்கிருமியே அவரையும் பற்றியது. 1888-ம் ஆண்டில் தம் கோழையைத் தாமே சாயமேற்றிப் பார்த்து, அதிற் க்ஷயரோகக் கிருமியைக் கண்டார். மனைவியுடன் எகிப்து நாடு சென்று வெயிலிலும் வறண்ட காற்றிலும் தங்கி, 1889-ல் உடல்நலம் தேறித் திரும்பினார். திரும்பியபோது மருத்துவமனையில் வேலையில்லை. சிறியதோர் இடத்தைத் தம் பொருள் கொண்டே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, எலிகளை வளர்க்கத் தொடங்கினார்.

அங்கேதான் நம் குன்றிமணியும் ஆமணக்கும் வந்து சேர்கின்றன. கிருமிகளின் நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தல் அந்நாளில் அரிது. இவ்வித்துக்களின் நஞ்சோ கடையிற் கிடைத்தது, நிறுத்து அளந்து கொடுக்கவும் கூடியது. ஆமணக்கு நஞ்சை மிகச் சிறிய அளவில் ரொட்டித் துண்டிற் கலந்து சுண்டெலிக்கு ஊட்டினார். நாடோறும் சிறிது கூட்டினார். சில நாட்களில் அவ்வெலிகள், மற்ற எலிகளைக் கொல்லும் அளவைப்போற் பல மடங்கு நஞ்சையும் தாங்கி நின்றன. அவற்றின் இரத்தத்தில் நஞ்சை முறிக்கும் பொருளொன்று பிறந்திருந்தது. இவ்வளவில் நின்றிருந்தால் அது வியப்பு மாத்திரமே. எர்லிக் மேலும் ஒரு படி சென்றார். ஆமணக்கு நஞ்சைத் தாங்கிய எலிக்குக் குன்றிமணி நஞ்சைக் கொடுத்தார், அது மாண்டது. குன்றிமணி நஞ்சிற் பழகியது ஆமணக்கு நஞ்சில் மாண்டது. இரண்டும் ஒரேவகைத் துன்பத்தை விளைக்கும் நஞ்சுகளாயினும், உடம்பு அவற்றைத் தனித்தனியே அடையாளம் கண்டு, தனித்தனியே மாற்றுப்பொருள் செய்தது.

அடுத்த ஆண்டில் இன்னுமோர் அழகிய சோதனை செய்தார். நஞ்சு பழகிய தாயெலியின் குட்டிகளும் சிலகாலம் நஞ்சைத் தாங்கின. தந்தை மட்டும் பழகியிருந்தால் குட்டிகள் தாங்கவில்லை. குட்டிகளை மாற்றி வைத்தார். நஞ்சறியாத தாய்க்குப் பிறந்த குட்டி, நஞ்சு பழகிய செவிலித்தாயிடம் பாலுண்டால் அதுவும் காவல் பெற்றது. ஆகவே தாய் தன் காவலைக் கருவிலும் பாலிலும் வைத்துக் குழந்தைக்குக் கொடுக்கின்றாள் என்பதும், அக்காவல் சில வாரங்களிற் கரைந்துபோகும் இரவற்பொருள் என்பதும் தெளிவாயின.

இதற்குச் சற்று முன்னர், 1890-ம் ஆண்டு டிசம்பரில், எமில் பெஹ்ரிங்கும் ஜப்பானியராகிய கிடசாடோவும் இரண ஜன்னி, தொண்டையடைப்பான் ஆகிய நோய்களின் நஞ்சை முறிக்கும் பொருள், நோய்க்குப் பழக்கிய மிருகங்களின் ஊநீரில் உண்டு என்று கண்டிருந்தனர். தொண்டையடைப்பான் குழந்தைகளின் கூற்றுவன். தொண்டையிற் சவ்வு படர்ந்து மூச்சு முட்டிப் பிள்ளைகள் மாள்வதைத் தாய்மார் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்த நோய் அது. பெஹ்ரிங்கின் ஊநீர் வலிமை குறைந்தும் ஒரு புட்டிக்கு ஒரு தரமாயும் இருந்தமையால் பயன்படவில்லை. எலிகளிடம் அளவைக் கூட்டிக் கூட்டிப் பழக்கிய எர்லிக், அம்முறையைப் பெரிய விலங்குகளுக்கும் பொருத்தி வீரியமுள்ள ஊநீர் எடுத்தார். 1894-ம் ஆண்டில் பெர்லின் மருத்துவமனைகளில் 220 குழந்தைகளுக்கு அதனைச் செலுத்திப் பார்த்தனர். நோய் தொடங்கிய முதலிரு நாட்களில் மருந்து பெற்ற குழந்தைகள் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்தனர். நாள் தாழ்த்தோறும் பிழைத்தோர் தொகை குறைந்தது. ஆண்டு முடியுமுன் அம்மருந்து விற்பனைக்கு வந்தது. அதனாற் பெருஞ்செல்வமும், 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபெல் பரிசும் பெஹ்ரிங்கைச் சேர்ந்தன. எர்லிக்குக்குக் கிட்டியது மிகச் சிறிது. இருவர் நட்பும் முறிந்தது. ஊநீரின் வீரியத்தை அளத்தற்கு எர்லிக் வகுத்த அலகோ 1922-ல் உலகப் பொதுவளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

1896-ல் ஊநீர்ச் சோதனைக்கென்று அரசாங்கம் ஸ்டெக்லிட்ஸ் என்னும் இடத்தில் ஒரு நிலையம் அமைத்து அவரைத் தலைவராக்கியது. பெயர் பெரிது, கட்டடமோ பழைய ரொட்டிக்கடையும் அதனையடுத்த குதிரைத் தொழுவமும். கூரையும் தண்ணீரும் இருந்தாற் போதும், தொழுவத்திலும் ஆராய்ச்சி நடக்கும் என்பது அவர் கொள்கை. 1897-ல் அத்தொழுவத்திலிருந்து வெளிவந்த கட்டுரையில்தான் பக்கச் சங்கிலிக் கொள்கை முழுவடிவம் பெற்றது.

அக்கொள்கையைத் திண்டுக்கற் பூட்டைக்கொண்டு விளக்கலாம். பூட்டும் சாவியும் என்னும் உவமை எமில் பிஷர் என்னும் இரசாயன வல்லுநருடையது. எர்லிக் அதனைக் கடன் வாங்கினார். உயிரணுவின் புறத்தே பலவகைப் பக்கச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை பூட்டுகள், அணு தன் உணவைப் பற்றுதற்குப் பயன்படுவன. நஞ்சின் ஒரு பகுதி, தற்செயலாக ஒரு பூட்டிற்குப் பொருந்தும் சாவிபோல் அமைந்துவிடுகின்றது. அது நுழைந்து இறுகியவுடன் அப்பூட்டு பயனற்றதாகின்றது. அணு இழந்ததற்கு ஈடாகப் புதிய பூட்டுகளைச் செய்கின்றது. ஈட்டோடு நில்லாமல் மிகுதியாகவே செய்கின்றது. புண்ணாறும் இடத்திற் சதை தேவைக்கு மேல் வளர்தலை வைகெர்ட் முன்னரே எடுத்துக் காட்டியிருந்தார். அவ்விதியை எர்லிக் இங்கே பொருத்தினார். இங்ஙனம் மிகுந்த பூட்டுகள் அணுவினின்று கழன்று இரத்தத்தில் மிதக்கும். மிதக்கும் பூட்டில் நஞ்சாகிய சாவி மாட்டிக்கொண்டால், அஃது அணுவை அடையாது. இரத்தத்தில் மிதக்கும் அப்பூட்டே எதிர்ப்பொருள்.

அணுவின் மேற்பரப்பில் முன்னரே இருப்பது எதுவோ அதுவே பின்னர் இரத்தத்தில் வருகின்றது. நஞ்சு அதனைப் புதிதாய்ப் படைப்பதில்லை, இருப்பதைத் தூண்டிப் பெருக்குகின்றது. இக்கொள்கையின் உயிர் இவ்விரண்டு கூற்றுகளில் அடங்கும். 1900-ம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்தில் குரோனியன் சொற்பொழிவாற்றியபோது, பாம்பு வாய் பிளந்தாற்போன்ற பக்கச் சங்கிலிகளைப் படமாக எழுதிக் காட்டினார். பின்னர் அவற்றுக்கு ஏற்பி என்று பொருள்படும் பெயரிட்டார். சங்கிலியும் நஞ்சும் கூடுதல் உயிரின் மாயமன்று, இரசாயனமே என்பதற்குக் கண்ணாடிக் குழாயிலேயே சான்று காட்டினார். ஆமணக்கு நஞ்சு குழாயிலிருக்கும் இரத்த அணுக்களைத் திரளச் செய்யும். பழகிய விலங்கின் ஊநீரைச் சேர்த்தால் திரளாது. எலியும் வேண்டியதில்லை, உயிரும் வேண்டியதில்லை.

1899-ல் பிராங்க்பர்ட் நகருக்கு நிலையம் பெயர்ந்தது. அங்கே மார்கென்ராத் என்னும் துணைவருடன் ஆடுகளைக்கொண்டு செய்த சோதனை, என் சிற்றறிவுக்கு எலிச் சோதனையினும் ஆழமானதாய்த் தோன்றுகின்றது. ஓர் ஆட்டின் இரத்தத்தை மற்றோர் ஆட்டிற்குச் செலுத்தினால், அந்த மற்றைய ஆடு அவ்விரத்தத்தை அழிக்கும் எதிர்ப்பொருளைச் செய்தது. அதே ஆட்டிற்கு அதன் சொந்த இரத்தத்தையே எடுத்துச் செலுத்தினாலோ, ஒன்றும் செய்யவில்லை. அயலாட்டின் இரத்தமும் தன் இரத்தமும் நம் கண்ணுக்கு ஒன்றே. ஆட்டின் உடம்பு எங்ஙனமோ வேற்றுமை அறிந்தது. பூட்டு மட்டுமே காரணமாயின், தன் பொருளுக்குப் பொருந்தும் பூட்டும் இருக்கத்தானே வேண்டும்? அதனைத் தடுத்து நிறுத்தும் ஆணையொன்று உடம்பில் உண்டு என்று எர்லிக் கருதினார். தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள உடம்பு அஞ்சுகின்றது என்று பொருள்படும் லத்தீன் பெயரொன்றை அதற்கு வழங்கினார். அவ்வாணை எங்கே இருக்கின்றது, எது பிறப்பிக்கின்றது என்பதை அவர் காணவில்லை.

அவரைப் பார்த்தவர்கள் வரைந்த உருவம் இனியது. மெலிந்த உடல்; எந்நேரமும் சுருட்டு; கக்கத்தில் சுருட்டுப் பெட்டி. அறை முழுதும் நாற்காலி உட்பட ஏடுகள் குவிந்திருக்கும். வந்தவர் நின்றுகொண்டே பேச வேண்டும். துணைவர் ஒவ்வொருவருக்கும் அன்றன்றைய வேலையை வண்ணச் சீட்டுகளில் எழுதி அனுப்புவார். இரசாயன அமைப்பை விளக்கக் காகிதம் கிடைக்காவிட்டால் சட்டைக் கைப்பட்டியிலும் தரையிலும் எழுதுவார். ஓய்வுக்குத் துப்பறியும் கதைகள் படிப்பார். 1908-ம் ஆண்டின் நோபெல் பரிசு இவருக்கும், விழுங்கணுக்களைக் கண்ட ருஷ்யராகிய மெச்னிகாவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. காவல் உயிரணுவின் தொழிலா, ஊநீரின் தொழிலா என்று இரு கட்சியாய்ப் பொருத அறிஞர் தலைவர்கள் இருவரும் ஒரே பரிசைப் பெற்றனர்.

பொதுமக்கள் எர்லிக்கை அறிந்தது பறங்கிப்புண் என்னும் மேகநோய்க்கு அவர் கண்ட மருந்தால். கிருமியின்மேல் மட்டும் பற்றி, மனித அணுவின்மேற் பற்றாத பொருளொன்று கிடைத்தால், அது இலக்குத் தவறாத மாயக் குண்டாகும் என்று எண்ணி, ஆர்செனிக் என்னும் பாஷாணக் கூட்டுப்பொருள்களை வரிசையாகச் செய்வித்தார். 606 என்னும் எண்ணுடைய பொருளை 1909-ல் ஜப்பானியராகிய ஹாடா முயல்களிற் சோதித்துப் பயன் கண்டார். மறுவருடம் அது சால்வார்சான் என்னும் பெயருடன் வெளிவந்தது. அதனாற் புகழும் வந்தது, பகையும் வந்தது. மருந்தைச் செலுத்தும் முறையிற் பிழைத்தவர்களால் நேர்ந்த கேடுகளும் அவர் தலையிலே விழுந்தன. 1914-ம் ஆண்டில் பிராங்க்பர்ட் நீதிமன்றத்தில் அவதூறு வழக்கொன்று நடந்து, மருந்தை இகழ்ந்து எழுதிய பத்திரிகைக்காரருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எர்லிக் சாட்சி சொன்னார்; ஆயினும் உடல் தளர்ந்துவிட்டது. மகாயுத்தம் மூண்ட மறுவருடம், 1915 ஆகஸ்டு 20-ம் நாள், பாட் ஹோம்பர்க் என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

பிராங்க்பர்ட் நகரத்தார் தெருவொன்றுக்கு அவர் பெயரிட்டிருந்தனர். யூதர் என்னும் காரணத்தால் ஹிட்லர் ஆட்சி 1938-ல் அப்பெயரை நீக்கியது. கைம்பெண்ணாகிய ஹெட்விக் அம்மையார் ஸ்விட்சர்லாந்துக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் தப்பிச் சென்று 1948-ல் அங்கே காலமானார். தொண்டையடைப்பானிலிருந்து அவர் கணவர் மீட்ட குழந்தைகளுட் சிலரேனும் அக்காலத்தில் அந்நாட்டில் அதிகாரத்திலிருந்திருப்பர்.

அவர் கொள்கைக்கும் அதே கதிதான் நேர்ந்தது. லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர், இயற்கையில் ஒருகாலும் இராத, சோதனைச்சாலையிற் புதிதாய்ச் செய்த இரசாயனப் பொருள்களுக்கும் விலங்குகள் எதிர்ப்பொருள் செய்தலைக் காட்டினார். நேற்றுப் பிறந்த பொருளுக்கு அணுவின்மேல் முன்னரே பூட்டு இருத்தல் எங்ஙனம் கூடும்? கூடாது என்றே பெரும்பாலோர் கொண்டனர். வந்த பொருளையே அச்சாகக் கொண்டு உடம்பு எதிர்ப்பொருளை வார்க்கின்றது என்னும் கொள்கை 1930 முதல் ஓங்கியது. லைனஸ் பாலிங் போன்ற பெரியாரும் அதனை ஆதரித்தனர். எர்லிக்கின் படங்கள் பழங்காலத்து வேடிக்கைகளாயின.

திருப்பத்தை உண்டாக்கியது ஒரு கோழி. கோழியின் எச்சத்துளைக்கருகே பர்சா என்றொரு சிறு பை உண்டு. அமெரிக்காவிற் புரூஸ் கிளிக் என்னும் மாணவர் அதனை இளமையிலேயே நீக்கிய கோழிகள் எதிர்ப்பொருள் செய்ய மாட்டாமையை 1956-ல் வெளியிட்டார். பெரிய பத்திரிகை ஏற்காமையால் அக்கட்டுரை கோழி வளர்ப்புப் பத்திரிகையில் வந்தது. அப்பையில் முதிரும் நிணவணுக்களுக்குப் பையின் முதலெழுத்தால் பி நிணவணு என்று பெயராயிற்று. மனிதருக்கு அப்பை இல்லை. எலும்பு மச்சையில் அவை முதிர்கின்றன. மறுவருடம் ஆஸ்திரேலியராகிய பர்னட், ஒவ்வொரு நிணவணுவும் ஒரேவகைப் பூட்டை மட்டும் தாங்கிப் பிறக்கின்றது என்றும், பொருந்தும் சாவி வந்தால் அவ்வணுவே பல்கிப் பெருகுகின்றது என்றும் கூறினார். எர்லிக் ஓர் அணுவில் பல பூட்டுகளை வைத்தார், அது பிழை. பூட்டு முன்னரே உள்ளது என்றார், அது மெய். லாண்ட்ஸ்டைனரின் ஐயத்துக்கு 1976-ல் டோனெகாவா விடை காட்டினார்: அணு முதிரும்போது மரபுத் துண்டுகள் சீட்டுப்போற் கலைந்து கூடுவதால், எண்ணற்ற பூட்டுகள் முன்னதாகவே அமைந்துவிடுகின்றன.

இனி, ஆட்டிற் கண்ட அவ்வாணை எங்கே உள்ளது? அதுவும் அணுவின் மேற்பரப்பிலேயே உள்ளது. இம்மேற்பரப்புப் பொருள்களுக்கு 1982-ல் பாரிஸிற் கூடிய அறிஞர் சி.டி. என்னும் எழுத்துடன் எண்ணிடத் தொடங்கினர். பி நிணவணுவின் பூட்டோடு சி.டி.79 என்னும் இணை ஒட்டிக்கொண்டு, சாவி நுழைந்த செய்தியை உள்ளே அனுப்புகின்றது. ஆனால் அச்செய்தி ஒன்றே அணுவை எழுப்பப் பெரும்பாலும் போதாது. உசிலம்பட்டி வட்டாரத்தார்க்கு வைகை அணையின் 58 கிராமக் கால்வாயைச் சொன்னால் இது விளங்கும். அணையில் தண்ணீர் இருந்தாற் போதாது. குறித்த உயரத்திற்கு ஏறினாலன்றி அக்கால்வாயிற் பாயாது. பி நிணவணுவிலும் அத்தகைய வரம்பு உண்டு. அவ்வரம்பைத் தாழ்த்துவது சி.டி.19, சி.டி.21 என்னும் துணைப்பொருள்கள். கிருமியின்மேல் இரத்தத்திலுள்ள நிரப்புப்பொருள் என்னும் புரதம் ஒட்டியிருந்தால், சி.டி.21 அதனைப் பிடிக்கின்றது. அப்போது ஆயிரத்திலொரு பங்கு சாவியும் அணுவை எழுப்பும் என்று 1996-ல் எலிகளிற் கண்டனர். நிரப்புப்பொருள் என்னும் அப்பெயரைச் சூட்டியவரே எர்லிக்தான்.

வரம்பைத் தாண்டினும் இரண்டாவது சாவி வேண்டும். பாங்கிப் பெட்டகத்தை நம் சாவியும் அதிகாரியின் சாவியும் சேர்ந்தே திறத்தல் போன்றது இது. பி நிணவணு தான் பிடித்த பொருளை உள்ளே இழுத்து நறுக்கி, அதன் புரதத் துண்டொன்றைத் தன் புறத்தே ஏந்திக் காட்டும். டி நிணவணு என்னும் மற்றோர் இனம் அதனை ஆராய்ந்து, தன்மேலுள்ள ஒரு பொருளை நீட்டி, பி நிணவணுவின் சி.டி.40 என்னும் பூட்டில் மாட்டும். இது நேர்ந்தாற்றான் முதலில் தோன்றும் கனமான எதிர்ப்பொருள், இரத்தத்திலும் திசுக்களிலும் பரவி நெடுநாள் காக்கும் வகையாக மாறும். அவ்விரண்டாம் சாவி பிறவியிலேயே பழுதாகிய ஆண்பிள்ளைகள் உளர். அவர்கள் இரத்தத்தில் முதல்வகை எதிர்ப்பொருள் நிறைய இருக்கும். மற்றை வகை இராது. ஓயாத தொற்றுநோயால் வாடுவர். காரணம் அச்சாவியே என்பது 1993-ல் தெரிந்தது.

தடைகளும் உண்டு. நம் சொந்த அணுக்களின்மேற் பூசியுள்ள சர்க்கரைப்பொருள் ஒன்றை அடையாளம் காண்பது சி.டி.22, பூட்டில் நுழைந்தது அச்சர்க்கரை பூசிய சொந்தப் பொருளாயின், அது செய்தியை மட்டுப்படுத்தும். எதிர்ப்பொருள் இரத்தத்தில் வேண்டிய மட்டும் பெருகியபின், அவ்வெதிர்ப்பொருளின் வாலையே பற்றி, இனிப் போதும் என்று அணுவை அடக்கும் தடையொன்றும் உண்டு. அத்தடையை நீக்கிய சில எலிகள் தம் உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருள்களைச் செய்து, லூப்பஸ் என்னும் நோய்போன்ற கேட்டில் மாண்டன. சொந்தப் பொருளுக்குப் பொருந்தும் பூட்டுடைய அணுக்கள் பலவும் மச்சையிலேயே களையப்படுகின்றன. தப்பியவற்றை இத்தடைகள் அடக்கி வைக்கின்றன. எர்லிக்கின் ஆடு தன் இரத்தத்தைத் தான் பகையாமைக்கு இவை காரணங்கள்.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துச் செய்திகள் என்று ஒதுக்க இடமில்லை. 2011-ம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசாங்கம் ஐந்து நோய்த் தடுப்பூசியைக் கைக்குழந்தைகளுக்கு இடத் தொடங்கியது. உசிலம்பட்டித் தாய் ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தன் ஆறுவாரக் குழந்தையின் தொடையிற் போடுவிக்கும் ஊசி அது. அதிலொன்று தொண்டையடைப்பானுக்கு உரியது. நஞ்சின் கொல்லுந் தன்மை நீங்கிப் பூட்டிற் பொருந்துந் தன்மை மட்டும் நிற்கும் பொருளுக்கு டாக்ஸாய்டு என்று பெயரிட்டவரும் எர்லிக்கே. மற்றொன்று மூளைக்காய்ச்சல் விளைக்கும் ஹிப் கிருமிக்கு உரியது. அக்கிருமியின் மேலுறை வெறுஞ் சர்க்கரை. சர்க்கரையில் ஏந்திக் காட்டப் புரதத் துண்டு இல்லாமையால், டி நிணவணு இரண்டாம் சாவியைத் தருவதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் பி நிணவணு அதனைக் கண்டும் எழுவதில்லை. ஆகவே அச்சர்க்கரையை இரண ஜன்னியின் டாக்ஸாய்டுப் புரதத்தோடு பிணைத்து விடுகின்றனர். சர்க்கரை முதற்பூட்டில் நுழைகின்றது. புரதம் இரண்டாம் சாவியை வரவழைக்கின்றது.

மாயக் குண்டும் பூட்டும் எர்லிக்கின் வாழ்வில் இரு வேறு வேலைகளாய் நின்றன. 1997-ல் அவை ஒன்றாயின. பி நிணவணுவின்மேலுள்ள சி.டி.20 என்னும் பொருளில் மட்டும் பற்றுமாறு செய்யப்பட்ட எதிர்ப்பொருளாகிய ரிட்டுக்ஸிமாப், நிணவணுப் புற்றுநோய்க்கு மருந்தாக அவ்வாண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் முடக்குவாதத்துக்கும் பயன்பட்டது. அது பி நிணவணுக்களை அழிக்கின்றது. அவற்றைப் பிறப்பிக்கும் மூலவணுவின்மேல் சி.டி.20 இல்லை, ஆகவே சில மாதங்களிற் புதிய பி நிணவணுக்கள் மச்சையினின்று மீண்டும் தோன்றுகின்றன. ஸ்டெக்லிட்ஸ் ரொட்டிக்கடையில் தொடங்கிய நிலையம் இன்று பிராங்க்பர்ட்டுக்கு அருகே லாங்கன் என்னும் ஊரில் எர்லிக்கின் பெயரோடு நடைபெறுகின்றது. தடுப்பூசிகளையும் இத்தகைய எதிர்ப்பொருள் மருந்துகளையும் சோதித்து அனுமதிப்பது அதன் தொழில்.